கேட்கத் தகுதியுள்ளவர்கள்

ராய்ஸ் டாக்கெட் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான். ஆர்டிஸ் கவுண்டியில் ஓர் ஆண் ஒரு பெண்ணின் அலுவலகத்துக்குள் தலையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறான் என்றால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நெட்டா ப்ரூயிட் பாதி கடித்த சீஸ் சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி மேசையோரம் தள்ளி வைத்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் இப்போது கவுண்டியின் இரண்டு ஆம்புலன்ஸ்களுக்கும் பொறுப்பாளன். அவள் கவுண்டி அட்டர்னி, அதாவது கவுண்டி நிர்வாகத்தின் அரசு வக்கீல். நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டிய பதவி. அதை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது என்பதால், நீதிமன்றத்துக்கு எதிரே முன்பு சலவைக் கடையாக இருந்த இடத்தில் உயில், விவாகரத்து, வேலித் தகராறு என்று தனியாகவும் தொழில் நடத்தினாள். வெயில் ஏறிய பிறகு அந்தச் சுவர்களில் இன்னும் சோப்புக் காரம் நெடியடிக்கும்.

ராய்ஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். தலைநகரத்தில் இருக்கும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலிருந்து அவனுக்கு வந்த பதில். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த அலுவலகத்திடம் சட்டக் கருத்துக் கேட்கத் தகுதியுள்ளவர்கள் ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர்கள், மாநிலத் துறைகளின் தலைவர்கள், மாவட்ட அட்டர்னிகள், கவுண்டி அட்டர்னிகள். திரு. டாக்கெட் இவர்களில் ஒருவர் அல்ல. எனவே அவருடைய கேள்விக்குள் போக அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை. அவருடைய பொதுச் சேவைக்கு நன்றி.

என்ன கேட்டான் என்று அவள் விசாரிக்கத் தேவையில்லை. பாலத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பான்.

மட்டாக் ஆற்றின் மேல் ஒரு பழைய இரும்புப் பாலம். அதன் நடுவில்தான் எல்லை. இந்தப் பக்கம் ஆர்டிஸ் கவுண்டி, அந்தப் பக்கம் கெம்ப்டன் கவுண்டி. பாலத்தைத் தாண்டியதும் ஸ்வீனி என்று கொஞ்சம் வீடுகள், சோயா வயல்களுக்கு நடுவே கைவிட்டு இறைத்த மாதிரிக் கிடக்கும். அந்த ஜனங்கள் வரி கட்டுவது கெம்ப்டனுக்கு. மற்றதெல்லாம் ஆர்டிஸில்தான்: மளிகை வாங்குவது, பல் பிடுங்கிக்கொள்வது, பிள்ளைகளைப் படிக்க வைப்பது, ஞாயிற்றுக்கிழமை கும்பிடுவது, செத்தால் புதைப்பது. கெம்ப்டனின் ஆம்புலன்ஸ் அந்தக் கவுண்டியின் மறுகோடியிலிருந்து ஸ்வீனிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். ராய்ஸின் வண்டி பத்து நிமிடத்தில் போய்விடும். முன்பெல்லாம் போய்க்கொண்டும் இருந்தது. செலவில் பங்கு கொடுக்க மாட்டோம் என்று கெம்ப்டன்காரர்கள் கைவிரித்த வருடம் ஆர்டிஸை நிர்வகிக்கும் ஆணையர் குழு ஒரு தீர்மானம் போட்டது. இந்தக் கவுண்டியின் வண்டி இந்தக் கவுண்டியை விட்டு வெளியே போகக் கூடாது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. எந்தச் சட்டம் என்று தீர்மானத்தில் எழுதவில்லை. அப்போது பதவியில் இருந்த கிழட்டு அட்டர்னியிடம் யாரும் கேட்கவுமில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. ஸ்வீனியிலிருந்து போன் வந்தால் ராய்ஸின் ஆட்கள் பாலத்தின் இந்த முனைவரை போவார்கள். விளக்குகள் சுழல அங்கே வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் நோயாளியைப் பிக்கப் வண்டியில் போட்டோ, டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தியோ கொண்டு வந்து சேர்ப்பார்கள். ஒருமுறை பாலத்தின் நடுவிலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை பிறந்த கவுண்டி எது என்று எழுதுவார்கள் என ஊரே ஒரு மாதம் சிரித்தது. தலை எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் என்று முடிதிருத்தும் கடையில் யாரோ தீர்ப்புச் சொன்னார்கள்.

“நான் கேட்டா குப்பைக்குப் போகுது,” என்றான் ராய்ஸ். “நீ கேட்டா அவங்க பதில் சொல்லியே ஆகணும். உன் பதவி அந்த வரிசையில இருக்கு, என்னுது இல்ல. அவ்வளவுதான்.”

“எப்படியும் போகலாம்னுதான் சொல்லுவாங்கன்னு நினைக்கிறியா?”

“போகக் கூடாதுன்னே சொல்லட்டுமே. அதை வச்சுக்கிட்டு அந்த ஜனங்க மூஞ்சியப் பார்த்து, வீட்டை வித்துட்டு வேற எங்கயாவது போங்கன்னாவது சொல்லுவேன். இப்ப என்ன சொல்றேன் தெரியுமா? ‘பாலத்துக்குக் கொண்டு வாங்க.’ பால் கேன் எடுத்துட்டு வரச் சொல்ற மாதிரி.”

சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதிப் பார்த்தானாம். அவருடைய உதவியாளர் கவனிக்கிறோம் என்றாராம். கெம்ப்டனின் அட்டர்னி போனையே எடுக்கவில்லையாம். ஆக மிச்சம் இருப்பது நெட்டாதான். எழுந்து போகும்போதுதான் தலையில் தொப்பி இருப்பது அவனுக்கு உறைத்தது. கழற்றி ஒரு கணம் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

அந்த வாரமே அவள் எழுத உட்கார்ந்தாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சட்டம் படித்தது மாதிரி இருந்தது. யாருடைய பசு யாருடைய மக்காச்சோளத்தைத் தின்றது, பிரிந்த கணவன் நாயை யாரிடம் விட வேண்டும் என்று கழிந்த நாட்களில், தான் ஒரு காலத்தில் சட்டநூல்களை ஆசைப்பட்டுப் படித்தவள் என்பதே மறந்துபோயிருந்தது. கவுண்டிகள் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதைப் பற்றிய விதிகளைத் தேடி எடுத்தாள். படிக்கப் படிக்க விடை போகலாம் என்ற பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் நேராக ஒரு வரி எங்கும் இல்லை. சந்தேகத்துக்கு இடம் இருந்தது. அதற்காகத்தானே கேட்பது என்று கடிதத்தைச் சுருக்கமாக, பிசிறில்லாமல் எழுதி முடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் ஆணையர் குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. மரியாதைக்காகவா, பயந்தா என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

தலைவர் ஹார்லன் வாஸ் விதை வியாபாரம் செய்து ஓய்ந்தவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை கெளுத்தி மீன் வறுவல் விருந்து நடந்தபோது, தட்டோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை முள்ளைப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கேட்டா பதில் வரும், பொண்ணே,” என்றார் பிறகு. “பதில் வந்தா அதன்படி நடக்கணும். போகலாம்னு வந்துச்சுன்னு வை, நாளைக்கு நம்ம வண்டி அங்க போயிருக்கறப்ப இங்க எவனாவது நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்தா, அவன் பொண்டாட்டி நம்ம வீட்டு வாசல்லதான் வந்து நிப்பா. போகக் கூடாதுன்னு வந்தா, அந்தப் பக்கத்து ஜனம் மொத்தமும் நம்ம மேல மண்ணை வாரித் தூத்தும். யாரும் கேக்காத வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் தெரியாது. சும்மா கிடக்கிற சங்கை ஏன் ஊதணும்?”

“ஆள் செத்தா, சார்?”

“இதுவரைக்கும் சாகலியே.” காகிதத்தில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “நவம்பர்ல உனக்கு எதிரா யாரும் நிக்கப்போறதில்ல போலிருக்கு. சந்தோஷம். என் மருமகன்கூட சட்டப் பரிட்சை பாஸ் பண்ணிட்டு வீட்ல சும்மாத்தான் உட்கார்ந்திருக்கான். எதாவது ஒரு பதவியில நில்லுடான்னா, யாரையும் எதிர்க்கப் பிடிக்கல மாமாங்கறான். நல்ல பையன்.” தன் தட்டிலிருந்த கடைசிச் சோள உருண்டையை அவள் தட்டில் எடுத்து வைத்துவிட்டு எழுந்தார்.

நெட்டாவின் மகன் ஓவனுக்குச் சர்க்கரை நோய். ஏழு வயதில் வந்தது. இப்போது பன்னிரண்டு. ஊசி, மருந்து, மாதா மாதம் நகரத்து மருத்துவர் என்று எல்லாமே கவுண்டி வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டில்தான் ஓடுகிறது. அப்பன்காரன் எண்ணெய்க் கிணறுகளில் வேலை என்று போனவன் போனவன்தான். இந்தக் கணக்கை ஹார்லன் வாஸ் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஊரில் யார் வீட்டு மருந்து அலமாரியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

தேர்தல் முடியட்டும் என்று அவள் முடிவு செய்தாள். கேட்காமல் விடுவதில்லை, தள்ளிப் போடுவதுதான். தோற்றுவிட்டால் அப்புறம் கேட்கும் தகுதியே கையில் இருக்காதே. அது இருந்தால்தானே யாருக்காவது உபயோகம். இந்த நியாயம் அவளுக்கே கேட்க நன்றாக இருந்தது. வழியில் பார்த்தபோதெல்லாம் ராய்ஸ் விசாரித்தான். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிறகு அவன் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டான். அவன் கேட்காமல் விட்டது அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியே தொண்டையில் சிக்கிய முள்ளாகவும் இருந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஸ்வீனியில் எமெட் சேல்ஸ் வைக்கோல் கொட்டகையில் விழுந்தார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற பருமன். வீட்டில் மனைவி லூடீன் மட்டும்தான். லூடீனை ஆர்டிஸில் தெரியாத பிள்ளை கிடையாது. இருபது வருடங்களுக்கு மேலாக ஆர்டிஸ் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. ஒட்டிய தோள், குச்சிக் கைகள், தலையில் வலை. காலையில் பாலத்தைத் தாண்டி வந்து சோளரொட்டி சுட்டுப் பீன்ஸ் வேக வைத்து இந்தக் கவுண்டியின் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுச் சாயங்காலம் பாலத்தைத் தாண்டிப் போவார். ஓவனுக்கு மட்டும் தனித் தட்டு. மாவுப் பண்டம் எவ்வளவு போட்டேன் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தனுப்புவார். சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஆரஞ்சுச் சாறு அவருடைய குளிர்பெட்டியில் எப்போதும் இருக்கும். வகுப்பில் பையனின் முகம் வெளுத்தால் ஆசிரியை முதலில் ஆளனுப்புவது நர்ஸிடம் அல்ல, மிஸ் லூடீனிடம்தான்.

அன்றைக்கு நடந்ததை ராய்ஸ்தான் பின்னால் நெட்டாவிடம் சொன்னான். ஆம்புலன்ஸுக்கு லூடீன் செய்த போனை எடுத்த பெண், சொல்லி வைத்திருந்தபடி, பாலத்துக்குக் கொண்டு வாங்க என்றிருக்கிறாள். கெம்ப்டனிலிருந்தும் வண்டி கிளம்பிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறாள். ராய்ஸும் இன்னொருத்தனும் பாலத்து முனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஆற்றில் அதிகம் தண்ணீர் இல்லை. அந்தக் கரையில் சேல்ஸ் வீட்டின் தகரக் கூரை மரங்களுக்கு நடுவே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் கொட்டகையிலிருந்து அவர்களுடைய நாய் குரைப்பது கேட்டுக்கொண்டிருந்தது. லூடீன் பிக்கப் வண்டியைக் கொட்டகைக்குள் பின்பக்கமாகக் கொண்டுபோய்ப் பின்கதவை இறக்கியிருக்கிறார். எமெட்டைப் புரட்டித் தார்ப்பாயில் போட்டு இழுத்திருக்கிறார். வண்டி வரைக்கும்கூட இழுத்துவிட்டார். அதற்கு மேல் தூக்க முடியவில்லை. திரும்பவும் போன் செய்திருக்கிறார். திரும்பவும் அதே பதில். மூன்றாவது முறை அவர் போனில் பேசவில்லையாம். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்ததாம். அந்தப் பெண் ரேடியோவில் அதைச் சொன்னதும் ராய்ஸ் வண்டியைக் கிளப்பிப் பாலத்தைத் தாண்டிவிட்டான்.

“நெஞ்சை அழுத்திட்டே கொண்டு வந்தேன்,” என்றான். “இங்க வந்து சேர்ற வரைக்கும் அழுத்தினேன். அந்தம்மா பார்த்துட்டே இருந்துது. போதும் விடு ராய்ஸ், அவருக்கு வலிக்கும்னுச்சு.”

அடக்கத்துக்குப் பள்ளிக்கூடமே வந்திருந்தது. ஓவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு லூடீனிடம் போய் நின்றபோது, அவர் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டியா கண்ணு என்று கேட்டார். நெட்டா நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவளையும் பார்த்துத் தலையசைத்தார். கவுண்டி அட்டர்னி என்றால் என்னென்ன செய்ய முடியும், யாரிடம் எதைக் கேட்க முடியும் என்றெல்லாம் அப்போது லூடீனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த கூட்டத்திலேயே ஆணையர் குழு ராய்ஸை வேலையிலிருந்து நீக்கியது. தீர்மானத்தை மீறி வண்டியை எல்லைக்கு வெளியே கொண்டுபோனது காரணம். அவனை விட்டு வைத்தால் போகலாம் என்று நாமே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும், ஏற்கெனவே ஒரு வக்கீல் ஸ்வீனிப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றார் ஹார்லன் வாஸ். நீக்கல் உத்தரவை எழுத வேண்டியது கவுண்டி அட்டர்னி. நெட்டா எழுதினாள். தானே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் நாணயம் என்று அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கார் ஷெட்டில் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே படித்தான்.

“சுருக்கமா, சுத்தமா எழுதியிருக்கே. இதுக்கு எத்தனை நாளாச்சு?”

அவள் கார்ச் சாவியைப் பைக்குள் போட்டாள்.

“இல்ல, அந்த இன்னொண்ணு வசந்த காலத்துல ஆரம்பிச்சியே. அது பெருசு போலிருக்கு.”

சொல்லிவிட்டு அவன் மறுபடியும் மோட்டாரின் முன்னால் குந்திக்கொண்டான். உட்காரு என்றோ போ என்றோ சொல்லவில்லை. அவள் காருக்குத் திரும்பி வந்தாள்.

நவம்பரில் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்தாள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கடிதத்தை எடுத்து, தேதியை மாற்றி, அட்டர்னி ஜெனரலுக்கு அனுப்பினாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அனுப்பிவிட்டு வந்த அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் கவுண்டியின் மேல் லூடீன் சேல்ஸ் போட்ட வழக்கு அதற்கு முந்தின வாரமே நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாள். வழக்கில் இருக்கும் விஷயத்தைப் பற்றி அந்த அலுவலகம் கருத்துச் சொல்வதில்லை என்ற வழக்கமும் தெரியும். விதிவிலக்கு இருக்காதா என்று ஒரு நப்பாசை. அல்லது, கேட்டேன் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

பதிலை எழுதி அனுப்புவதற்கு முன்னால், தலைநகரத்திலிருந்து ஓர் இளம் பெண் வக்கீல் மரியாதைக்காகப் போன் செய்தாள். மன்னிக்கணும், வழக்கு நிலுவையில் இருப்பதால் இதை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது, இனி நீதிபதிதான் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு, வேலை சம்பந்தமாக இல்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள்.

“எங்களுக்கு வர்றதுல பாதி என்ன கேக்கறாங்கன்னே புரியாது, மேடம். உங்களோடது அவ்வளவு தெளிவா இருந்துச்சு. எல்லாரும் இப்படி எழுதினா எங்களுக்கு வேலையே இல்ல. போன கோடையில வந்திருந்தா ரெண்டு மூணு வாரத்துல பதில் சொல்லியிருப்போம்.”

என்ன பதில் என்று நெட்டா கேட்கவில்லை. நன்றி சொல்லிப் போனை வைத்தாள். கேட்கத் தகுதி இருந்த நாட்களெல்லாம் கேட்காமல் வைத்திருந்தது இப்போது அவள் கையில் செல்லாத காசாகக் கிடந்தது. ராஜினாமா செய்துவிடலாம் என்று அன்று சாயங்காலம் தோன்றியது. இரவு ஓவனின் ஊசிக்கு நேரம் வந்தது. காலையில் தோன்றவில்லை.

வழக்கு பெரிய நீதிமன்றத்துக்கு வரும்போது, கவுண்டிக்காக நஷ்டஈடு கட்ட வேண்டிய காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் நகரத்திலிருந்து வந்து நடத்துவார். அதற்கு முன்னால் வாதியிடம் சத்தியப் பிரமாணம் வாங்கி வாக்குமூலம் எடுக்கும் வேலையைக் கவுண்டி அட்டர்னியே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண், தெரிந்த முகம், விதவையை உருட்டி மிரட்டியதாக யாரும் பேச முடியாது என்பது அவர்கள் யோசனை. கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு நாள், கவுண்டி நூலகத்தின் பின்னறையில், குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வெளியே உறைபனித் தூறல். தரையில் எழுத்துகள் போட்ட வண்ணக் கம்பளம். ஒரு பக்கம் லூடீன், அவருடைய வக்கீல். எதிரே நெட்டா. கவுண்டியின் சார்பில் ஹார்லன் வாஸ் வந்து கதவோரம் நாற்காலி போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் பெண் தன் சின்ன இயந்திரத்தை முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள். லூடீன் அடக்கத்துக்குப் போட்டிருந்த அதே நீல உடுப்பில் வந்திருந்தார். தலையில் வலை இல்லாமல் அவரைப் பார்த்தது வேறு யாரையோ பார்ப்பது போல இருந்தது. முடி அவ்வளவு நரைத்திருக்கும் என்று நெட்டா நினைத்ததில்லை.

பெயர், வயது, கல்யாணம் ஆகி எத்தனை வருடம், கணவருக்கு முன்பே நெஞ்சு நோய் உண்டா, மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று ஒவ்வொன்றாகப் போனது. லூடீன் சுருக்கமாகப் பதில் சொன்னார். ஒருமுறை தண்ணீர் கேட்டார். நெட்டா எழுந்து ஊற்றிக் கொடுத்தாள். காப்பீட்டுக்காரர்கள் அடுத்து எழுதியிருந்ததை அவள் இரண்டு தடவை மனதுக்குள் வாசித்தாள். வேறு வார்த்தையில் கேட்கலாமா என்று பார்த்தாள். எப்படிக் கேட்டாலும் அது அதுவாகவே இருந்தது.

“மிஸ் லூடீன், அவரைப் பாலத்துக்குக் கொண்டு வரச் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. நீங்க ஏன் கொண்டு வரல?”

லூடீனின் வக்கீல் நிமிர்ந்தார். ஆட்சேபணை என்று பதிவு செய்யச் சொன்னார். இருந்தாலும் பதில் சொல்லலாம் என்றார். லூடீன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நெட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை நீ கேக்கறியா, அவங்க கேக்கச் சொன்னாங்களா?”

“நான்தான் கேக்கணும், மிஸ் லூடீன்.”

“உனக்குக் கேக்கத் தெரியும்னு எனக்கு இப்பத்தான் தெரியும்.” கோபமே இல்லாமல் சொன்னார். “அந்தப் பிள்ளை ராய்ஸ் வந்து எல்லாம் சொல்லிட்டுப் போச்சு. யார்லாம் கேக்கலாம், யார்லாம் கேக்கக் கூடாதுன்னு. உன்னைப் பத்தித் தப்பா ஒண்ணும் சொல்லல. வரிசையை மட்டும் சொன்னான்.”

ஹார்லன் வாஸ் தொண்டையைச் செருமினார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். லூடீன் தலையாட்டினார். தண்ணீர்க் குவளையை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு நெட்டாவின் பக்கம் வந்து நின்றார்.

“ஏன் கொண்டு வரலன்னு வாயால சொன்னா உனக்கு விளங்காது. கீழ படு, கண்ணு.”

பதிவு செய்யும் பெண்ணின் விரல்கள் நின்றன. இதையும் அடிக்க வேண்டுமா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லூடீனின் வக்கீல் எழுந்து வந்து அவர் முழங்கையைத் தொட்டார். லூடீன் கையை விடுவித்துக்கொண்டார். இது தேவையில்லாதது, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார் ஹார்லன் வாஸ். அடுத்த கேள்வி தயாராகத்தான் இருந்தது. போன் செய்தபின் பக்கத்து வீட்டாரை உதவிக்குக் கூப்பிட முயன்றீர்களா என்று அது ஆரம்பித்தது. நெட்டா அதை வாசிக்க வாயைத் திறந்தாள்.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். முழங்காலிட்டு, ஒரு கையை ஊன்றி, கம்பளத்தின் மேல் மல்லாந்து படுத்தாள். மேசையின் அடிப்பாகம் தெரிந்தது. பிள்ளைகள் ஒட்டிவைத்த பபிள்கம் அங்கங்கே கறுத்துக் கிடந்தது. ஹார்லன் வாஸின் பூட்ஸ் ஒன்று கால்மேலிருந்து இறங்கித் தரையில் ஊன்றியது. நெட்டா, எழுந்திரு என்று மேலேயிருந்து அவர் குரல் வந்தது. முதல் தடவையாக அந்தக் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

தலைமாட்டில் லூடீன் குனிந்தார். இரண்டு கைகளும் அவள் அக்குளுக்குக் கீழே நுழைந்தன. எலும்பு எலும்பான விரல்கள், ரொட்டி மாவின் ஈஸ்ட் வாசனை. கனத்தை இழுக்க அவர் காலை அகட்டி ஊன்றிக்கொள்வது முதுகுக்கடியில் கம்பளத்தில் தெரிந்தது. உடம்பைத் தளர விடு, உதவி பண்ணாதே என்று காதருகில் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடித்தார். கம்பளம் நகர்ந்தது. ஒரு கையகலம் அளவுக்கு நெட்டா பின்னால் நகர்ந்தாள். நின்றது. லூடீனுக்கு மூச்சு வாங்கியது. மறுபடியும் அந்த விரல்கள் இறுகின.